ஆலிவ் மரத்துக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்: எண்ணெயின் பாலிஃபீனால் குறையாமல் நீர் கொடுக்கும் முறை

ஸ்பெயினின் கட்டலோனியாவில், லெய்டா மாகாணத்தில் நான் பராமரித்துவரும் அர்பெக்கினா இரக ஆலிவ் தோட்டத்துக்குக் கோடை முழுவதும் குறைவில்லாமல் நீர் கொடுத்த ஆண்டில், காய் நன்றாகப் பெருத்தது. எண்ணெயிலோ கசப்பும் இல்லை, தொண்டையில் ஏறும் காரமும் இல்லை. அந்தக் காரத்தைத் தருவது ஒலியோகாந்தால் என்னும் பீனால் சேர்மம். கசப்பைத் தருபவை பெரும்பாலும் காயிலுள்ள ஒலியூரோபீனிலிருந்து பிறக்கும் பீனால் சேர்மங்கள். இவற்றையே பொதுவாகப் பாலிஃபீனால் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு 432ஆம் எண் விதிப்படி, 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்சிடைரோசால் என்னும் பீனாலும் அதன் வழிப்பொருள்களும் குறைந்தது 5 மில்லிகிராம் இருந்தால்தான் பாலிஃபீனாலின் நன்மையைப் புட்டியின் மேல் எழுதலாம்.

தண்ணீர் குறையும்போது, பீனால் உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் பினைலலனின் அம்மோனியா லயேஸ் என்னும் நொதி காயில் கூடுதலாக இயங்குகிறது. மேலும், இச்சேர்மங்கள் எண்ணெயைவிட நீரில் எளிதாகக் கரைபவை என்பதால், நீர் கோத்த காயை ஆலையில் அரைத்தால் அவற்றில் பெரும்பகுதி கழிவுநீரோடு போய்விடும். எனவே, மரத்தை வாட்டவும் வேண்டும். எப்போது வாட்டுவது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

படி 1: முழுத் தேவையைக் கணக்கிடுங்கள். சொட்டுநீர்க் குழாய் அமைப்பது உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன். ஜூலையில் நாளொன்றுக்கு நீராவிப்போக்கு (மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் ஆவியாகும் நீர்) 6 மி.மீ., பயிர்க் கெழு (அதில் ஆலிவுக்குரிய பங்கு) 0.7, இலைப்பரப்புக் கெழு (மரத்தின் இலைப்பரப்புக்கேற்ற திருத்தம்) 0.8, மரத்துக்குரிய நிலம் 24 சதுர மீட்டர் எனில், நான்கையும் பெருக்கினால் மரத்துக்குச் சுமார் 80 லிட்டர் வரும். பூக்கும்போதும் பிஞ்சு பிடிக்கும்போதும் அன்றன்றைய கணக்குப்படி முழு அளவையும் கொடுங்கள்.

படி 2: கொட்டை இறுகும் நாளைக் கண்டறியுங்கள். நான் தவறியது இங்கேதான். நாள்காட்டியை நம்பி ஜூன் நடுவிலேயே நீரைக் குறைத்தேன். காயின் திசுக்கள் இன்னும் பெருகிக்கொண்டிருந்த பருவம் அது என்பதால், அவ்வாண்டு காய்கள் சிறுத்தே போயின. இப்போது ஜூன் இறுதியிலிருந்து வாரம் இருமுறை, வெவ்வேறு மரங்களிலிருந்து இருபது காய்களைப் பறித்துக் கூரிய கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்க்கிறேன். மாவடுவை நறுக்கும்போது கொட்டையோடு சேர்த்துக் கத்தி இறங்குமே, அப்படி இறங்கினால் காத்திருக்க வேண்டும். கத்தி நடுவில் கரகரவென்று தடைபட்டு, வெட்டிய முகத்தில் வெளிர்மஞ்சள் வளையம் தெரிந்தால் இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். இருபதில் பாதிக்கு மேல் கத்தி நின்றுவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: கால்பங்காகக் குறைத்து, அளந்து பாருங்கள். 80 லிட்டரை 20 ஆக்குங்கள். கொட்டை இறுகும் இந்தப் பருவத்தில்தான் ஆலிவ் மரம் வறட்சியை அதிகம் தாங்கும். மண்ணின் ஈரமானி தன்னைப் புதைத்த இடத்தின் நிலையை மட்டுமே சொல்லும் என்பதால், விலை கூடுதலானாலும் அழுத்தக்கலனையே பரிந்துரைப்பேன். வெட்டிய கொழுந்திலிருந்து நீரை வெளியே தள்ள எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அளக்கும் கருவி அது. மரம் வாட வாட அந்த அளவு ஏறும். அடிமரத்தை ஒட்டிய நிழலில் உள்ள சிறு கொழுந்தை நண்பகலில் வெட்டிக் கலனில் பொருத்தி, நைட்ரஜனை மெல்லத் திறந்து, வெட்டுவாய் ஈரத்தில் பளபளத்த கணமே அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். குமிழி எழும்வரை காத்திருந்தால் அளவு தவறிவிடும். நன்றாக நீருண்ட மரம் 12 முதல் 14 பார் காட்டும். நான் 20க்கும் 30க்கும் இடையில் வைத்திருக்கிறேன். 35ஐ நெருங்கினால் அன்றே நீர் விடுவேன். அதற்கு மேல் வாட்டினால் பீனால் கூடும் என்று எண்ண வேண்டாம். காய் சுருங்கி உதிரும், எண்ணெயும் குறையும்.

படி 4: ஆகஸ்டு இறுதியில் நீரைத் திரும்பக் கொடுங்கள். காயில் எண்ணெய் சேரும் காலம் இது. ஆயினும் முழு அளவுக்குப் போகாமல் 60 அல்லது 70 விழுக்காட்டில் நிறுத்திக்கொள்கிறேன். இதனால் சேர்ந்த பீனாலும் அதிகம் இழக்கப்படுவதில்லை.

படி 5: காய் பச்சையிலிருந்து நிறம் மாறத் தொடங்கும்போதே அறுவடை செய்யுங்கள். முற்றப் பழுத்தால் பீனால் குறைந்துவிடும். பறிப்பதற்குச் சில நாள் முன்பே நீரை நிறுத்தினால், கூழ் குழகுழவென்று ஆகாமல் எண்ணெய் எளிதாகப் பிரியும். கூழைப் பிசையும்போது வெப்பம் 27 பாகை செல்சியஸைத் தாண்டாதிருக்கட்டும்.

பின்னர்ச் சேர்த்தது: கலனில் நாளுக்கு நாள் தாறுமாறான அளவுகள் வருவதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், கொழுந்தை உறையிடாமலே வெட்டியிருக்கிறார். வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது அலுமினியத் தாள் உறையால் அதை மூடிவைக்க வேண்டும். அப்போதுதான் இலையின் நீர்நிலை தண்டின் நீர்நிலையோடு ஒத்துவரும். இதை முதலிலேயே எழுதாமல் விட்டது என் பிழை. பிக்குவால் இரகத்துக்கும் இதே அளவுகள் பொருந்துமா என்று மற்றொருவர் கேட்டிருந்தார். பிக்குவாலின் எண்ணெயில் இயல்பாகவே பீனால் மிகுதி. அதை இவ்வளவு வாட்டினால் கசப்பு மேலோங்கிவிடக்கூடும் என்பதால், 20 பாரை ஒட்டியே நிறுத்தி, முதல் ஆண்டு எண்ணெயை ஆய்வகத்தில் சோதித்த பிறகு மேற்கொண்டு முடிவு செய்யுங்கள்.