ஹட்டன் தப்பும், கொழும்பு விழுங்கும்: ஷெல்லில் பேக்ஸ்லாஷும் மேற்கோளும்

மேற்கோள் குறி குழப்பினால் முதலில் பார்க்க வேண்டியது எந்த ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) என்பதை. உபுண்டுவில் நீங்கள் தட்டுவது பாஷ், ஆனால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் /பின்/எஸ்எச் என்று இருந்தால் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தே ஓடுவது டாஷ். மேக் என்றால் 2019 கட்டலினாவிலிருந்து இசட்-ஷெல். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

கொடுத்ததைத் திரையில் அச்சடிக்கும் எக்கோ கட்டளையால் தேயிலை ஏற்றுமதி விலையைப் போடுகிறீர்கள்:

எக்கோ "கிலோ $4.20"

வருவது "கிலோ .20". $4 என்றால் நான்காவது ஆர்கியூமென்ட் (ஸ்கிரிப்டுக்குப் பின்னால் கொடுக்கும் நான்காவது சொல்), அது காலி. "\$4.20" என்றோ '$4.20' என்றோ எழுதுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷுக்கு (\) மதிப்பு $ ` " \ இவற்றுக்கும் வரி முடிவுக்கும் முன்னால்தான், வேறு எதன் முன்னால் வந்தாலும் பேக்ஸ்லாஷும் சேர்ந்தே அச்சாகும். டிசி-ஷெல் என்ற இன்னொரு ஷெல்லில் "\$" பலிக்காது, அங்கே ஒற்றை மேற்கோள்தான் வழி.

ஒற்றை மேற்கோளுக்குள் பாஷ், டாஷ், இசட்-ஷெல் மூன்றும் எதையும் தொடாது, பேக்ஸ்லாஷைக் கூட. அதனால் ஆடம்'ஸ் பீக் என்ற போட்டோ ஃபோல்டரை 'ஆடம்'\''ஸ் பீக்' என்று மூடி, ஒரு குறி வைத்து, மறுபடி திறக்க வேண்டும். அசிங்கம்தான், ஆனால் எங்கும் ஓடும். ஃபிஷ் என்ற ஷெல்லில் 'ஆடம்\'ஸ் பீக்' போதும். அதே காரணத்தால் '\\' ஃபிஷ்ஷில் ஒரு பேக்ஸ்லாஷ், மற்ற மூன்றிலும் இரண்டு.

ஆளைச் சுற்றவிடுவது எக்கோதான். தோட்ட ஆபீஸ் விண்டோஸ் மெஷினில் ஊருக்கு ஒரு ஃபோல்டர், பெயரெல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், டி:\நுவரெலியா என்கிற மாதிரி. இந்தப் பாதையை டாஷில் எக்கோ செய்தால் பேக்ஸ்லாஷோடு சேர்ந்து நுவரெலியாவின் 'என்' புது வரியாகும், தலவாக்கலையின் 'டி' டேப் ஆகும், பண்டாரவளையின் 'பி' பேக்ஸ்பேஸ் ஆகி முன்னால் இருப்பதன் மேலேயே ஏறி உட்காரும். ஹட்டன் மட்டும் தப்பும், பேக்ஸ்லாஷோடு 'எச்' சேர்ந்தால் தனி அர்த்தம் (எஸ்கேப்) கிடையாது. கொழும்பு என்றால் 'சி', அதோடு வெளியீடே நின்றுவிடும், அப்புறம் ஒன்றும் வராது! ஒற்றை மேற்கோள் போட்டும் பயனில்லை, ஏனென்றால் இதைச் செய்வது எக்கோ, மேற்கோள் ஷெல்லைத்தான் தடுக்கும். இசட்-ஷெல்லின் எக்கோவும் இப்படித்தான், பாஷ் மட்டும் -ஈ கொடுத்தால்தான் செய்யும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, பாதையை ஒரு மாறியில் வைத்து பிரின்ட்எஃப் கட்டளையால் அச்சடிப்பது:

பிரின்ட்எஃப் '%எஸ்\என்' "$பாதை"

%எஸ் வழியாகப் போவதை அது அப்படியே அச்சடிக்கும்.

பாதைகளை ஃபைலிலிருந்து ரீட் கட்டளை மூலம் எடுத்தால் -ஆர் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பேக்ஸ்லாஷ்கள் உள்ளே வரும்போதே காணாமல் போய்விடும். பிரின்ட்எஃப்பால் அதை மீட்க முடியாது.