‘கிராஷ் டைவ்’ படத்தை எப்படிப் பார்ப்பது?

1943இல் வெளிவந்த ‘கிராஷ் டைவ்’ என்ற ஹாலிவுட் படத்தைச் சாதாரணமாகப் பார்க்க உட்கார்ந்தால், கரையில் ஒரு காதல் நகைச்சுவையும் கடலில் ஒரு போர்க்கதையும் ஒட்டுப்போட்டதுபோல் தோன்றும். அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் வழியையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

முதலில் தலைப்பின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். எதிரி விமானமோ கப்பலோ கண்ணில் பட்டவுடன் நீர்மூழ்கி அவசரமாக மூழ்குவதுதான் ‘கிராஷ் டைவ்’. மேல்தளத்தில் நிற்பவர்கள் குறுகிய திறப்பு வழியாக உள்ளே இறங்கியாக வேண்டும். காற்றில்லாமல் ஓடாத டீசல் எஞ்சின்களை நிறுத்தி மின்கலங்களுக்கு மாற வேண்டும். மிதவைத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்ப வேண்டும். இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டிய வேலை என்பதால், ஒருவர் தடுமாறினாலும் எல்லோருடைய உயிருக்கும் ஆபத்து. தாக்குதலின்போது, நீருக்கு மேலே பார்க்க உதவும் குழாயான பெரிஸ்கோப்பில் கண்வைத்திருப்பவர் கமாண்டர் ஒருவரே. மற்றவர்கள் அவருடைய சொல்லை நம்பித்தான் செயல்படுகிறார்கள்.

இதை மனத்தில் இருத்திக்கொண்டு கதைக்கு வாருங்கள். டேனா ஆண்ட்ரூஸ் நடித்த டூயி கானர்ஸ் நீர்மூழ்கியின் தலைவர். டைரோன் பவர் நடித்த வார்டு ஸ்டூவர்ட், விரைவுப் படகுகளை விட்டு அரைமனத்தோடு அவருக்குத் துணை அதிகாரியாக வருகிறார். வாஷிங்டன் செல்லும் ரயிலில் ஸ்டூவர்ட் சந்தித்துத் துரத்தித் துரத்திக் காதலிக்கும் பள்ளி ஆசிரியை ஜீன் (ஆன் பாக்ஸ்டர்), கானர்ஸ் மணக்க விரும்பும் பெண் என்பது பார்வையாளருக்குத் தெரிகிறது, ஸ்டூவர்ட்டுக்குத் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொரு காட்சியிலும், இந்த நேரத்தில் யாருக்கு எது தெரியும் என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். கரையில் என்றால் போட்டியாளர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் ஒதுங்கிக்கொள்ளலாம். நீர்மூழ்கிக்குள் ஒதுங்க இடமே கிடையாது. உத்தரவைக் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டிய கட்டுப்பாட்டு அறையில், பேசாத பகை எங்கே ஒளிந்துகொள்கிறது என்பதைக் கவனிப்பதில்தான் இப்படத்தின் சுவை இருக்கிறது. ஆண்ட்ரூஸின் அடக்கமான முகம், பவரின் துள்ளலைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

ரயில் காட்சிகளின் கேலியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெண்ணின் மறுப்பை விளையாட்டாகக் கருதும் அந்தக் காலத்துப் பழக்கம் இன்று எரிச்சலூட்டவே செய்யும்.

படத்தின் இறுதியில் ஜெர்மானிய ரகசியத் தளத்தின் மீது நடக்கும் தாக்குதலை வரலாறாகக் கொள்ளக் கூடாது. அமெரிக்க நீர்மூழ்கிகள் பெரும்பாலும் பசிபிக்கில் ஜப்பானுக்கு எதிராகவே போரிட்டன. போர் நடந்துகொண்டிருந்தபோதே எடுக்கப்பட்ட இப்படத்துக்கு ஆள்சேர்க்கும் நோக்கமும் இருந்தது. பவரும் இதை முடித்துவிட்டு மரைன் படையில் பணியாற்றச் சென்றார். இருந்தும், கறுப்பின மாலுமிகளைக் கடற்படை நெடுங்காலம் உணவுப் பரிமாறும் வேலையிலேயே வைத்திருந்த நிலையில், பென் கார்ட்டர் நடித்த கறுப்பினப் பணியாளர் அந்தத் தாக்குதலில் களமிறங்குவதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

சிறப்பு விளைவுகளுக்காக (ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்) ஆஸ்கர் பெற்ற இப்படத்தை லியோன் ஷாம்ராய் டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையில் ஒளிப்பதிவு செய்திருக்கிறார். வண்ணம் வெளிறிய பிரதி கிடைத்தால் பொறுத்திருந்து நல்ல பிரதியைத் தேடுங்கள்; கனெக்டிகட்டின் நியூ லண்டன் தளத்துக் காட்சிகளும் இறுதித் தாக்குதலின் நெருப்பும் அதில்தான் எடுபடும்.