போத்தலிலிருந்து சாடிக்குப் போன மணிபிளான்ட் ஏன் வாடுகிறது?

ஐப்பசி மழை தொடங்கி டெங்குக் கதை அடிபட்டதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு குடிமாற்றம் நடக்கும். யன்னலோரம் ஜாம் போத்தல்களில் நின்ற மணிபிளான்ட் எல்லாம் அவசர அவசரமாகச் சாடிக்குப் போகும். தண்ணி தேங்கி நிற்கக்கூடாது என்ற நியாயம் சரிதான். ஆனால் பத்து நாளில் பாதிக் கொடி மஞ்சளாகித் தொங்கும். “எனக்குக் கைராசி இல்லை” என்று மாமி சொல்லுவா. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, வழுவழுவென்று, தொட்டால் முறிந்துவிடும் போல இருக்கும். மண்ணில் நின்ற கொடியைப் பிடுங்கினால் வேரோடு மண்ணும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை மயிரிழை போன்ற வேர்த்தூவிகள். தண்ணிக்குள்ளேயே நிற்கிற வேருக்குத் தண்ணியைத் தேடும் வேலை இல்லை, அதனால் தூவிகளும் குறைவு. மண்ணுக்குள் போனதும் அந்த வேர்களில் ஒரு பகுதி செத்துப்போகும், கொடி புது வேர் விட வேண்டும். அந்த இரண்டு மூன்று கிழமைதான் அதற்குக் கண்டம்.

இதனால்தான் “வேர் நல்லா நீளட்டும்” என்று காத்திருப்பது முதல் தவறு. வேர் இரண்டு மூன்று விரற்கடை நீளம் வந்தால் போதும், மாற்றிவிடலாம். எங்கள் விறாந்தையில் ஒன்று இரண்டு வருடம் போத்தலில் நின்றது. வேர் இடியப்பம் பிழிந்தது போல உள்ளே சுற்றிக்கிடந்தது. ஆசையோடு சாடிக்கு மாற்றினேன், நாலாம் நாள் முழுக்கொடியும் துவண்டது. அப்படிப் பழசானதை மாற்றவே வேண்டாம் என்பது என் எண்ணம். நுனியில் இரண்டு கணுவோடு ஒரு துண்டு வெட்டுங்கள். கணுவில் மண்ணிறத்தில் ஒரு சின்ன முண்டு தெரியும், வேர் வருவது அதிலிருந்துதான். அதைப் புதிதாக வேர்விட வைத்து நடுவது சுலபம்.

அடுத்தது மண். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செழிக்கிறதே, மணிபிளான்டுக்கு என்ன குறை என்று நினைத்து வளவு மண்ணை அப்படியே அள்ளி நிரப்புவோம். தோட்டத்தில் மிஞ்சிய தண்ணி கீழே சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். சாடியில் அதற்குப் போக்கிடம் இல்லை, அடிப்பகுதி சேறாகவே நிற்கும். மேல் மண்ணோ நாலைந்து தரம் ஊற்றியதும் இறுகிவிடும். காற்றில்லாத அந்த மண்ணில் முறிந்த வேர் அழுகத்தானே செய்யும்? செம்மண் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, மக்கிய குப்பை ஒரு பங்கு கலந்தால் மண் பொலபொலவென்று நிற்கும். தும்புத்தூளில் உப்பு இருக்கலாம், இரண்டு தரம் ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். தண்ணி வடியட்டும் என்று அடியில் சல்லி போடுகிற பழக்கமும் உண்டு. அதனால் சேறு ஒரு படி மேலே ஏறுவதுதான் மிச்சம். ஓட்டையை மூட ஒரு ஓட்டுத்துண்டு போதும்.

பெரிய சாடியும் இதே வில்லங்கம்தான். சின்ன வேர் குடித்து முடிக்காத ஈரம் நாட்கணக்கில் நிற்கும். அடியில் ஓட்டை போட்ட யோகட் கோப்பை ஒன்று தொடக்கத்துக்கு அளவாக இருக்கும்.

தண்ணி விஷயத்தில் இரண்டு பக்கமும் பிழை விடுகிறோம். “இனி மண்தானே” என்று மூன்று நாள் காயவிடுபவர்களும் உண்டு, போத்தலை நினைத்துச் சதுப்பாக்குபவர்களும் உண்டு. முதல் இரண்டு கிழமை மண் பிழிந்த துணியின் ஈரத்தில் இருக்க வேண்டும். அப்புறம் விரலை ஒரு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நமது கிணற்றுத் தண்ணி கேத்திலில் வெள்ளையாகப் படிவது தெரியும்தானே, சாடி மண்ணிலும் அது மெல்ல மெல்லச் சேரும். தீவுப்பக்கத்துச் சவர்க் கிணறு என்றால் இன்னும் மோசம். கிடைத்தால் மழைத்தண்ணி ஊற்றுங்கள்.

மண்ணுக்கு வந்துவிட்டது என்பதற்காக வெயிலில் வைக்காதீர்கள், போத்தல் நின்ற அதே வெளிச்சம் போதும். சோழகம் வீசும் மாதங்களில் காற்றுக்கு நேரேயும் வைக்கக்கூடாது. அந்த வேர் இழுக்கிற தண்ணியை விடக் கூடுதலாக இலை தண்ணியை இழக்கும். பச்சைச் சாணி, உரம் எதுவும் ஒரு மாதத்துக்கு வேண்டாம். அடியிலை ஒன்றிரண்டு மஞ்சளாவது வழமை, அதைப் பார்த்துப் பதறி இன்னும் ஊற்றினால்தான் கதை முடியும். வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கிற மச்சாள் எனக்கொருத்தி இருக்கிறா. அவவின் சாடியில் எதுவும் பிடித்ததில்லை. நுனியில் சுருள் அவிழ்ந்து புது இலை வந்தால் வேர் பிடித்துவிட்டது.

சாடிக்குக் கீழே வைக்கிற தட்டில் தண்ணி நின்றால் டெங்கு நுளம்புக்கு அதுவும் போத்தலும் ஒன்றுதான், ஊற்றிய கையோடு தட்டைக் கவிழ்த்துவிடுங்கள். வெறும் போத்தலையும் சும்மா கழுவி வைக்காதீர்கள். அந்த நுளம்பின் முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தும்பால் உரசித் தேய்த்து, குப்புறக் கவிழ்த்து வையுங்கள்.