உலக வணிகம், உற்பத்தி, சுங்க வரி: நீண்டகாலக் கணக்கைப் போடுவது எப்படி?

1950-க்குப் பின் உலக வணிகம் ஏறிக்கொண்டே போனது, சுங்க வரி இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்தால் கத்தரிக்கோல்போல விரியும். பார்த்ததும் "வரி குறைந்ததால்தான் வணிகம் பெருகியது" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அதே காலத்தில் உலக உற்பத்தியும் பல மடங்கு வளர்ந்தது, கப்பல் கட்டணமும் தகவல் தொடர்புச் செலவும் சரிந்தன. வளர்ச்சியில் வரிக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒரு விரிதாளில் அரை மணி நேரத்தில் ஓரளவுக்குக் கணக்கிட்டுவிடலாம். இடறுகிற இடங்கள் சில உண்டு. கணக்கைவிட அவற்றுக்குத்தான் கவனம் அதிகம் தேவை.

எந்தத் தரவு, எங்கிருந்து

சரக்கு வணிகத்தின் டாலர் மதிப்பு 1948 முதல் உலக வர்த்தக அமைப்பிடம் இருக்கிறது. நாடு வாரியாக, பொருள் வாரியாக வேண்டுமென்றால் ஐ.நா.வின் காம்டிரேட் தளத்தில் 1962 முதல் கிடைக்கும். மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு உலக வங்கியின் தரவு 1960-இல் தொடங்குகிறது. சுங்க வரி விகிதங்கள் உலக வர்த்தக அமைப்பின் தரவுத்தளத்திலும் ஐ.நா.வின் வணிக-வளர்ச்சி அமைப்பான அங்டாட் தொகுக்கும் டிரெய்ன்ஸ் தரவுத்தளத்திலும் உள்ளன. இரண்டையும் உலக வங்கியின் விட்ஸ் தளம் வழியாக எடுக்கலாம்.

நூறாண்டுக்கு மேல் பின்னோக்கிப் போக, பொருளியல் வரலாற்றாளர் ஆங்கஸ் மேடிசன் தொகுத்த வரிசை இன்றும் கைகொடுக்கிறது. 1990-ஆம் ஆண்டு விலையில், பில்லியன் டாலரில் அவர் தரும் எண்கள் (ஏற்றுமதி முதலில், உலக உற்பத்தி அடுத்து):

1870: 50.3, 1,101
1913: 212.4, 2,705
1950: 295.6, 5,336
1973: 1,690.6, 16,059
1998: 5,817, 33,726

உற்பத்தியை அவர் வாங்கும் திறன் அடிப்படையில் (நாடுகளுக்கிடையே உள்ள விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்து) மதிப்பிடுகிறார், ஏற்றுமதியைச் சந்தை மாற்று விகிதத்தில். அதனால் இரண்டின் விகிதத்தை உலக வங்கியின் விகிதத்தோடு ஒட்டி ஒரே கோடாக வரையக் கூடாது. வளர்ச்சி வேகத்தைக் கணக்கிட இது தடையில்லை.

மதிப்பை விட்டு அளவைப் பிடியுங்கள்

டாலர் மதிப்பில் விலையேற்றம், எண்ணெய் விலை, டாலரின் ஏற்ற இறக்கம் எல்லாம் கலந்திருக்கும். 2015-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு உலகச் சரக்கு வணிகத்தின் டாலர் மதிப்பு சுமார் 13% விழுந்தது. துறைமுகங்களில் சரக்கு குறைந்துவிட்டதா என்றால் இல்லை, வணிகத்தின் அளவு 2 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. எண்ணெய் விலை சரிந்ததும் டாலர் வலுத்ததும்தான் மதிப்பைக் கீழே இழுத்தன. 1973-74-இல் இதற்கு நேர் எதிராக நடந்தது: எண்ணெய் விலை நான்கு மடங்கானதால், கூடுதல் சரக்கு எதுவும் நகராமலே மதிப்பு எகிறியது.

நீண்ட காலத்தில் இந்த வேறுபாடு மிகப் பெரிதாகிவிடும். 1950-இலிருந்து 2022 வரை உலக வணிகத்தின் அளவு ஏறத்தாழ 45 மடங்கானது, டாலர் மதிப்போ ஏறத்தாழ 400 மடங்கானது. 400 மடங்கு வணிக வளர்ச்சியை நிலையான விலையிலான உற்பத்தியோடு ஒப்பிடும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. அளவுக் குறியீட்டை எடுங்கள். கிடைக்காவிட்டால் டாலர் மதிப்பை ஏற்றுமதி விலைக் குறியீட்டால் வகுங்கள். நுகர்வோர் விலைக் குறியீட்டால் வகுத்தால் தப்பு, ஏனென்றால் அதில் வாடகையும் முடிதிருத்தும் கூலியும்கூட இருக்கும்.

வளர்ச்சி விகிதமும் தொடக்க ஆண்டும்

ஆண்டுக் கூட்டு வளர்ச்சிக்கு, இறுதி எண்ணைத் தொடக்க எண்ணால் வகுத்து, ஆண்டுகளின் எண்ணிக்கைக்கு மூலம் எடுத்து, ஒன்றைக் கழிக்க வேண்டும். 1950-73-க்கு: (1,690.6 ÷ 295.6)^(1/23) − 1 = 7.9%. உற்பத்திக்கு இதே கணக்கு 4.9% தரும். எல்லாக் காலங்களுக்கும் போட்டால்:

1870-1913: வணிகம் 3.4%, உற்பத்தி 2.1%
1913-1950: வணிகம் 0.9%, உற்பத்தி 1.9%
1950-1973: வணிகம் 7.9%, உற்பத்தி 4.9%
1973-1998: வணிகம் 5.1%, உற்பத்தி 3.0%

பட்டியலின் முதல் காலத்தை நன்றாகக் கவனியுங்கள். 1870-1913-இல் வணிகம் உற்பத்தியைவிட 1.6 மடங்கு வேகத்தில் வளர்ந்தது. 1950-73-இலும் அதே 1.6 மடங்குதான். ஆனால் முதல் காலத்தில் பன்னாட்டு வரிக்குறைப்பு ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஜெர்மனி 1879-இலும் பிரான்ஸ் 1892-இலும் வரியை உயர்த்தின. அப்போது வணிகத்தைத் தூக்கியவை நீராவிக் கப்பல், ரயில், தந்தி, 1869-இல் திறந்த சூயஸ் கால்வாய் போன்றவை. சுங்க வரியை மட்டும் வைத்துக் கதை சொல்ல வருபவர் இந்தக் காலத்துக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

தொடக்க ஆண்டாக 1932 போன்ற பள்ளத்தையோ 1950 போன்ற போர்ச் சிதைவுக் காலத்தையோ வைத்தால், வளர்ச்சியில் ஒரு பகுதி வெறும் மீட்சியாகத்தான் இருக்கும். ஏற்றுமதிக்கும் உற்பத்திக்கும் உள்ள விகிதம் 1913-இல் 7.9%, 1950-இல் 5.5%. அதாவது 1950-க்குப் பின் சில ஆண்டுகள் உலகம் இழந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. முடிந்தவரை உச்சத்திலிருந்து உச்சத்துக்கு அளவிடுங்கள்: 1913, 1929, 1973, 2007. படம் வரையும்போது செங்குத்து அச்சை மடக்கை அளவில் (சம தூரம் ஒவ்வொன்றும் ஒரே மடங்கு உயர்வைக் குறிக்கும்படி) வையுங்கள். சாதாரண அளவில் வரைந்தால் 1990-க்கு முந்தையது எல்லாம் தரையோடு ஒட்டிக்கிடக்கும், 1950-73-இன் வேகம் கண்ணுக்கே தெரியாது.

வரியின் "சராசரி" என்பது எது?

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நுழைகின்றன.

முதலில், எடையிட்ட சராசரியின் பொறி. ஒரு நாடு இரண்டே பொருள்களை இறக்குமதி செய்கிறது என்று வையுங்கள். ஒன்றுக்கு 5% வரி, 900 டாலர் இறக்குமதி. மற்றொன்றுக்கு 200% வரி. அந்த வரியில் யாரும் கொண்டுவர மாட்டார்கள், இறக்குமதி சுழியம். இறக்குமதியை எடையாகக் கொண்டால் சராசரி வரி 5% மட்டுமே. இப்போது அரசு அந்த 200-ஐ 50% ஆகக் குறைக்கிறது, 100 டாலருக்குச் சரக்கு வருகிறது. புதிய சராசரி: (45 + 50) ÷ 1,000 = 9.5%. வரியைக் குறைத்த பின் சராசரி கூடிவிட்டது! அதனால் எளிய சராசரியையும் (எல்லாப் பொருளுக்கும் ஒரே எடை) எடையிட்ட சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பாருங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனால் உயர்வரிப் பொருள்களைத் தனியே பிரித்து ஆராயுங்கள்.

அடுத்தது எடைக்கோ எண்ணிக்கைக்கோ விதிக்கும் வரி. கிலோவுக்கு 10 டாலர் வரி என்றால், கிலோ 50 டாலருக்கு விற்கும்போது அது 20%. விலை 25-க்கு விழுந்தால் 40%. விலை 100-க்கு ஏறினால் 10%. சட்டத்தில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. அமெரிக்காவில் வரிக்குட்பட்ட இறக்குமதியின் மீதான சராசரி வரி 1932-இல் 59% வரை போனதற்கு இறக்குமதி வரியை உயர்த்திய 1930-ஆம் ஆண்டின் ஸ்மூட்-ஹாலி சட்டம் மட்டும் காரணமல்ல, விலை வீழ்ச்சிக்கும் பெரும்பங்கு உண்டு. பின்னர் போர்க்கால விலையேற்றம் அதே வரிகளைப் பேச்சுவார்த்தை இல்லாமலே கரைத்தது. இத்தகைய வரிகளை ஒவ்வோர் ஆண்டின் இறக்குமதி விலையால் வகுத்துச் சதவீதமாக மாற்றிய பிறகே வரிசையில் சேருங்கள்.

மூன்றாவது, ஒப்புக்கொண்ட உச்சவரம்பும் உண்மையில் வசூலாகும் வரியும் வேறுவேறு. பன்னாட்டு வரிக்குறைப்புப் பேச்சுவார்த்தைகளில் ஒன்றான உருகுவே சுற்று, வளரும் நாடுகள் உச்சவரம்பு ஒப்புக்கொண்ட பொருள் வகைகளின் பங்கை 21%-இலிருந்து 73% ஆக உயர்த்தியது. வணிகருக்கு அது பெரிய உறுதி, அன்றைய வசூல் குறையவேண்டும் என்பதில்லை. வணிக வளர்ச்சியோடு பொருத்திப் பார்க்க நடைமுறை வரியையே எடுங்கள்.

நான்காவது, தொடக்கப் புள்ளி. 23 நாடுகள் ஜெனீவாவில் காட் (சுங்க வரி, வணிகம் குறித்த பொது) ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 1947-இல் சராசரி வரி 40% என்று பல இடங்களில் படிப்பீர்கள். பொருளியலாளர்கள் சாட் பவுனும் டக்ளஸ் இர்வினும் நாடு நாடாகத் திரட்டிப் பார்த்ததில், முக்கியப் பங்கேற்பாளர்களுக்கு அது சுமார் 22% தான். இந்த வேறுபாடு முடிவையே புரட்டிப் போடும், கீழே பார்க்கலாம்.

கடைசியாக, "பாதியாகக் குறைப்பு" என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம். வாங்குபவர் கொடுப்பது விலையும் வரியும் சேர்ந்த தொகை. 40%-ஐ 20% ஆக்கினால் அது 1.40-இலிருந்து 1.20-க்கு இறங்குகிறது, 14% மலிவு. 4%-ஐ 2% ஆக்கினால் 2% கூட இல்லை. வரியை எப்போதும் 1 + வரி என்ற வடிவில் வைத்தே கணக்கிடுங்கள். அதேபோன்ற மற்றொரு பேச்சுவார்த்தையான டோக்கியோ சுற்றின் சுவிஸ் சூத்திரம் உயர்ந்த வரியைக் கூடுதலாக வெட்டும்படி அமைந்தது: பழைய வரியை 14-ஆல் பெருக்கி, பழைய வரியோடு 14-ஐக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும் (சில நாடுகளுக்கு 16). 10% வரி 5.8% ஆகும். 50% வரியோ 10.9% ஆகிவிடும்.

இனி பங்கு பிரித்தல்

1950-98-ஐ எடுத்துக்கொள்வோம். இயல் மடக்கையில் போட்டால் பெருக்கங்கள் கூட்டல்களாகிவிடும்.

1. வணிகம்: 5,817 ÷ 295.6 = 19.7 மடங்கு. மடக்கை 2.98.
2. உற்பத்தி: 33,726 ÷ 5,336 = 6.3 மடங்கு. மடக்கை 1.84. உற்பத்தி வளர்ந்த அதே விகிதத்தில் வணிகமும் வளரும் என்று கொள்கிறோம்.
3. வரி: 22%-இலிருந்து 4%. 1.22 ÷ 1.04-இன் மடக்கை 0.16. விலை 1% குறைந்தால் வணிகம் 4% கூடும் என்று எடுத்துக்கொண்டால் 0.64.
4. மீதி: 2.98 − 1.84 − 0.64 = 0.50. கப்பல், கொள்கலன், தொலைத்தொடர்பு, அளவிடாத தடைகளின் நீக்கம் எல்லாம் இதில் அடக்கம்.

பங்குகள்: உற்பத்தி 62%, வரிக்குறைப்பு 21%, மீதி 17%.

விலை 1% குறைந்தால் வணிகம் 4% கூடும் என்ற அந்த 4 தான் கணக்கின் மென்மையான இடம். 3 என்று வைத்தால் வரியின் பங்கு 16%, 6 என்று வைத்தால் 32%. மூன்றையும் காட்டுவதே நேர்மை. இப்போது 22-க்குப் பதில் 40% வைத்துப் பாருங்கள். வரியின் பகுதி 1.19 ஆகிவிடும், மீதி சுழியத்துக்குக் கீழே போகும். கொள்கலனும் ஜெட் விமானமும் வணிகத்தைக் குறைத்தன என்று ஆகிவிடும். மீதி எதிர்மறையாக வந்தால் தொடக்க வரி விகிதத்தையே முதலில் சந்தேகியுங்கள்.

இறுதி வரியாக நாம் வைத்த 4% என்பது தொழில்மயமான நாடுகளின் தொழிற்பொருள் வரிக்கு நெருக்கமானது (உருகுவே சுற்றில் 6.3-இலிருந்து 3.8 சதவீதம்). வேளாண்மைக்கும் வளரும் நாடுகளுக்கும் அது பொருந்தாது. ஆகவே வந்த விடையை மேல்வரம்பை ஒட்டியதாகவே கொள்ளுங்கள். பொருளியலாளர்கள் ஸ்காட் பேயரும் ஜெஃப்ரி பெர்க்ஸ்ட்ராண்டும் 16 பணக்கார நாடுகளுக்கு, 1950-களின் இறுதியிலிருந்து 1980-களின் இறுதிவரை, மிகக் கறாரான முறையில் செய்த ஆய்விலும் ஏறத்தாழ இதே படம்தான் வந்தது: வருமான வளர்ச்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு, வரிக்குறைப்புக்குக் கால் பங்கு, போக்குவரத்துச் செலவுக்கு 8%.

இது பங்குக் கணக்கு மட்டுமே, காரண காரியம் அல்ல. வரி குறைந்ததால் உற்பத்தியே கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். அப்படியானால் 62-இன் ஒரு பகுதியும் வரிக்குச் சேர வேண்டும். இதை எழுத மறக்காதீர்கள்.

கணக்கைக் கெடுப்பவை

வணிகம் மொத்த மதிப்பில் அளக்கப்படுகிறது, உற்பத்தி சேர்க்கப்பட்ட மதிப்பில். ஒரே உதிரிபாகம் மூன்று எல்லைகளைக் கடந்தால் வணிகத்தில் மூன்று முறை ஏறும். 1990-க்குப் பிந்தைய வேகத்தில் ஒரு பகுதி இந்த இரட்டை எண்ணிக்கைதான். சிறிய வரிக்குறைப்புக்குப் பெரிய விளைவு வருவதற்கும் இதே காரணம் உண்டு. 100 டாலர் பொருளில் கடைசிக் கட்டத்தின் உழைப்பு 20 டாலர்தான் என்றால், முழு விலைக்கும் 5% வரி விதிக்கும்போது அந்தக் கட்டத்துக்கு அது 25% சுமை.

ஏற்றுமதி கப்பலேறும் இடத்து விலையில் பதிவாகிறது. இறக்குமதியில் கப்பல் கூலியும் காப்பீடும் சேரும். உலக மொத்தத்தில் இறக்குமதி சில சதவீதம் கூடுதலாக இருப்பது இதனால்தான். அளவுக்கு ஏற்றுமதியையும் வரிக்கு இறக்குமதியையும் எடுத்தால் குழப்பமில்லை. ஹாங்காங் வழியே மறுஏற்றுமதியாகும் சரக்கைக் கழித்துவிடுங்கள். பொருள் வாரியாகப் பார்ப்பவர்கள், 1988-இல் நடைமுறைக்கு வந்த எச்.எஸ். குறியீடு (சரக்குகளை வகைப்படுத்தும் பன்னாட்டு எண்முறை) 1996, 2002, 2007, 2012, 2017, 2022-இல் திருத்தப்பட்டதை மனத்தில் வைத்து, பொருத்த அட்டவணை வழியாக ஒரே பதிப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது உள்நாட்டுப் பரிமாற்றம் ஒரே இரவில் பன்னாட்டு வணிகமானதும் கணக்கில் ஒரு படிக்கட்டாகத் தெரியும்.

1998-க்குப் பிந்தைய காலத்தை மேலே உள்ள கணக்கோடு நீட்டாமல் தனியே போடுங்கள். உலக வங்கிக் கணக்கில் ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்து 1970-இல் உலக உற்பத்தியில் சுமார் கால் பங்கு, 2008-இல் சுமார் 60%. 2009-இல் வணிகத்தின் அளவு சுமார் 12% சரிந்து மீண்டது, அதன்பின் அந்த விகிதம் பெரிதாக ஏறவில்லை. 2018 முதல் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே வரிகள் ஏறின. இந்தக் காலத்துக்கு உலகச் சராசரி வரி பயன்படாது. இரு நாடுகளுக்கிடையே உள்ள வரியை, பொருள் வாரியாக, நடைமுறைக்கு வந்த மாதத்தோடு எடுத்து, மூன்றாம் நாடு வழியாகத் திரும்பிய சரக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரியின் விளைவு பிடிபடும்.