மழையைப் பார்த்து இரையை மாற்றுங்கள்: ஈயக்குட்டையில் விராலும் தோமானும்

வட அமெரிக்காவில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீனைப் பிடிப்பவர்கள் நீரின் வெப்பநிலையைக் கவனித்தே இடத்தையும் இரையையும் தீர்மானிக்கிறார்கள். வசந்தத்தில் ஆறுகளில் ஏறும் அம்மீன்கள், நீர் சுமார் 15 டிகிரி செல்சியஸை எட்டும்போது முட்டையிடத் தொடங்குகின்றன. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது. இங்கே ஆண்டு முழுவதும் நீர் வெதுவெதுப்பாகவே இருப்பதால், பருவம் மாறியதைக் குட்டையின் நீர்மட்டம்தான் காட்டும்.

பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும், அதைவிடக் கூடுதலாக அக்டோபர், நவம்பரிலும் மழை வலுக்கும். செம்பனைக் காட்டுக் கால்வாய்கள் நிரம்பி, பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் நீர் தேங்கி உருவான ஈயக்குட்டையின் ஓரப்புல் நீரில் மூழ்கும்போது, தவளையையும் சிறுமீனையும் தேடி விரால் அங்கேயே வந்துவிடுவதால், ஆழத்தை நோக்கி எறிவது வீண்வேலை. இதற்கு ரப்பர் தவளையை மிஞ்சிய இரை இல்லை. அதன் தூண்டில் முட்கள் முதுகோடு படிந்திருப்பதால் புல்லில் எளிதில் சிக்காது. அதைத் தாமரை இலைகளுக்கு அப்பால் எறிந்து, இலைமேல் ஏற்றிச் சற்றே நிறுத்தி, இடைவெளியில் மெல்ல நழுவ விட வேண்டும். நீர் வெடித்தவுடன் கோலை இழுத்தால் தவளை மட்டுமே திரும்பி வரும். விரால் கவ்வித் தலையைத் திருப்பும் வரை ஒரு மூச்சுப் பொறுத்து, தொய்ந்த தூண்டில் நரம்பைச் சுற்றியெடுத்த பிறகே ஓங்கி இழுக்க வேண்டும். புல்லிலிருந்து மீனைப் பிடுங்கியெடுக்க 30 முதல் 40 பவுண்டு வரை தாங்கும் பின்னல் நரம்பு தேவை. முள் நுழையும் துளை வழியாகத் தவளையின் வயிற்றில் நீர் புகுந்துவிடும் என்பதால், அவ்வப்போது அதைப் பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் மிதக்காது. முட்கள் உடலோடு மிகவும் ஒட்டியிருந்தால், குறடால் இம்மியளவு வெளிப்புறம் வளைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை குறைந்து ஓரம் வறண்டதும், 10 முதல் 15 கிராம் எடையுள்ள ஸ்பூன் என்ற கரண்டி வடிவ உலோக இரையையோ, சுழலும் தகடு கொண்ட ஸ்பின்னர்பைட்டையோ எடுத்துக்கொண்டு, விராலின் பெரிய இனமான தோமானைத் தேடலாம். காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அது இடையிடையே மேலே வந்தாக வேண்டும். நீர் வளையம் தோன்றிய இடத்திலேயே எறிந்தால் மிரண்டுவிடும். அது தலைவைத்த திசையைக் கவனித்து, அதற்கு முன்னாலும் சற்று அப்பாலும் எறிந்து, ஒரே வேகத்தில் சுற்றி வர வேண்டும். பற்கள் கூர்மையானவை, நரம்பின் முனையில் சிறு கம்பி கட்டாமல் போடாதீர்கள்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலெழும் இடத்தில் தோமான் காவலிருந்து, அருகே வரும் எதையும் தாக்கும். அங்கே எறிந்து மீன் பிடிப்பதில் என்ன திறமை இருக்கிறது? காவல் இழந்த குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

அமேசான் வட்டாரத்தைச் சேர்ந்த பீகாக் பாஸ் இப்போது இங்குள்ள குட்டைகளிலும் பெருகிவிட்டது. அது கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் என்பதால், வெயில் ஏறிய பிறகு தெளிந்த நீரில் 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுமீன் வடிவ இரை போதும். பிடித்ததை உயிரோடு வேறு குட்டையில் விடக் கூடாது.

ஈயக்குட்டையின் கரை சட்டென்று ஆழமாகும். மழைக்குப் பின் மணல் சரியும் என்பதால் விளிம்பில் நிற்க வேண்டாம். மீன் வளர்ப்புக்குக் குத்தகை விடப்பட்ட குட்டைகளும் உண்டு. கேட்டுவிட்டுத் தூண்டிலை எடுங்கள்.