கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு முதன்முறை நிற்பவர்களுக்கு: கிராம சபை முதல் வேட்புமனு வரை

2019 டிசம்பர் 27 அன்று நடந்த முதற்கட்ட ஊரக உள்ளாட்சித் தேர்தலில், எங்கள் கிராம ஊராட்சியில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஒரு வார்டில் நான் நின்றேன். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் எவரும் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. வேட்புமனுப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தொடங்கி, 14 வாக்கு வித்தியாசத்தில் வென்றது வரை நான் பட்ட அலைச்சல் அடுத்து நிற்கப் போகிறவர்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவியைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். இந்தப் பதவிக்கும் ஊராட்சித் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் பதவிகள் கட்சி அடிப்படையிலானவை என்பதால், அவற்றுக்கான வழி வேறு.

முதலில் கிராம சபை

தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துகொள்பவரை ஊர் நம்புவதில்லை என்பது என் அனுபவம். குறைந்தது ஓராண்டுக்கு முன்பே கிராம சபையில் எழுந்து பேசத் தொடங்குங்கள். நான் 2018-இல் முதன்முறை போனபோது ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லை. 2016 அக்டோபருடன் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலரின் பொறுப்பில் ஊராட்சி இருந்தது. அப்போது ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள். 2022 முதல் ஆறு: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. அங்கே பேச எவருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை. கூட்டம் செல்லுபடியாக ஒரு குறைவெண் வரம்பு உண்டு: மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இந்த எண்ணிக்கை நிறையாதோ என்ற பதற்றத்தில்தான் பல ஊர்களில் வருகைப் பதிவேட்டை வாசலிலேயே நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்; நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, தீர்மானம் வாசிக்கும் முன்பே வீடு திரும்பிவிடுகிறார்கள்.

நானும் முதல் இரண்டு கூட்டங்களில் அப்படித்தான் கையெழுத்திட்டேன். எங்கள் தெருக் கழிவுநீர் வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று பேசினேன், எல்லோரும் தலையாட்டினார்கள், ஆனால் பிறகு தீர்மானப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தபோது அதில் வாய்க்காலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாயால் சொன்னது தீர்மானம் ஆகாது. ஆகவே கோரிக்கையை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை என்று குறிப்பிட்டு, பத்துப் பேரின் கையெழுத்துடன் இரண்டு படிகளாகக் கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் ஊராட்சிச் செயலரிடம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்குங்கள். கூட்டம் முடியும்போது அது பதிவேட்டில் எழுதப்படுவதைக் கண்ணால் பார்த்து, உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே எழுந்திருங்கள். மூன்றாவது கூட்டத்தில் நான்கு பெண்கள் சேர்ந்து அப்படி உட்கார்ந்தோம். தீர்மானம் எழுதப்பட்டது, பருவமழைக்கு முன் வாய்க்காலும் தூர்வாரப்பட்டது. என்னை வேட்பாளராக ஊர் நினைத்துப் பார்த்தது அன்றிலிருந்துதான்.

வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது கவனமாக இருங்கள். ஊராட்சியின் பணம் ஒரே கணக்கில் இருப்பதில்லை: பொது நிதி முதல் கணக்கில், மின்கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் ஒதுக்கப்படுவது இரண்டாம் கணக்கில், திட்ட நிதி மூன்றாம் கணக்கில். ‘நிதி இல்லை’ என்ற பதில் வரும்போது எந்தக் கணக்கில் இல்லை என்று கேட்கத் தெரிந்தாலே உரையாடலின் தன்மை மாறிவிடும்.

வார்டு வாக்காளர் பட்டியல்: நான் தடுக்கி விழுந்த இடம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல், சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டு வார்டு வாரியாகப் பிரித்து அமைக்கப்படுகிறது. ஆட்கள் அதே ஆட்கள். ஆனால் பாக எண்ணும் வரிசை எண்ணும் மாறிவிடும். 2019 தேர்தலுக்கு முன் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வார்டு எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டிருந்தன. எங்கள் தெருவின் கிழக்குச் சாரி வீடுகள் ஒரு வார்டிலும், மேற்குச் சாரி வீடுகள் அடுத்த வார்டிலும் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை.

சட்டம் கேட்பது இதுதான்: வேட்பாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் ஏதேனும் ஒரு வார்டில் அவர் வாக்காளராக இருந்தால் போதும். ஆனால் அவரை முன்மொழிபவர் போட்டியிடும் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். நான் பிறந்ததிலிருந்து பழகிய எதிர்வீட்டு அத்தையிடம் முன்மொழிவுக் கையெழுத்து வாங்கி, அவருடைய வாக்காளர் அட்டையோடு சட்டமன்றப் பட்டியலில் இருந்த எண்ணையும் எழுதி எடுத்துக்கொண்டு, மனுத் தாக்கலின் கடைசி நாளான டிசம்பர் 16 அன்று முற்பகல் பதினொரு மணிக்குப் போனேன். மனுவை வாங்கிய அலுவலர் பட்டியலைப் புரட்டிவிட்டு, இவர் இந்த வார்டு இல்லையே என்றார். அத்தை மேற்குச் சாரி.

மாலை ஐந்து மணிக்குக் கெடு முடிகிறது. எங்கள் வார்டில் என்னை முன்மொழியச் சம்மதித்த இன்னொருவர் பக்கத்து ஊருக்குக் களையெடுக்கப் போயிருந்தார். என் கணவர் வண்டியில் போய், வரப்பில் வைத்துக் கையெழுத்து வாங்கி, திரும்பி வந்து சேர்ந்தபோது மணி நான்கு நாற்பது. வரிசை எண்ணைச் சட்டமன்றப் பட்டியலிலிருந்து எழுதும் தவற்றை மறுமுறையும் செய்யாமல் இருந்ததற்கு, அன்று காலை கடையில் வார்டுப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தது மட்டுமே காரணம்.

எனவே செய்ய வேண்டியது: வார்டுப் பட்டியல் வெளியான அன்றே முழுப் பிரதி ஒன்றை எடுத்துவிடுங்கள். உங்கள் பெயர், முன்மொழிபவர் பெயர், அவரால் இயலாமல் போனால் முன்மொழியக்கூடிய இன்னும் இருவர் பெயர் ஆகியவற்றை அதில் அடிக்கோடிட்டு, எண்களை நேரடியாக அதிலிருந்தே எழுதுங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் சட்டமன்றப் பட்டியலில் படிவம் 6 கொடுத்தும், முகவரி மாறியிருந்தால் படிவம் 8 கொடுத்தும் தேர்தல் அறிவிப்புக்குப் பல மாதங்கள் முன்பே சரிசெய்து கொள்ளுங்கள்.

வேட்புமனு

காப்புத் தொகை 2019-இல் வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100 ரூபாய். தலைவர் பதவிக்கு 600. அடுத்த தேர்தலில் அறிவிக்கையில் எது இருக்கிறதோ அதுவே செல்லும். பட்டியல் சாதியினருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்ட இடமென்றால் சாதிச் சான்றிதழ் வேண்டும். வழக்கு, சொத்து, கடன், கல்வி பற்றிய உறுதிமொழியில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாமல், இல்லாதவற்றுக்கு ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

பெண் வேட்பாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2016-இல் ஒதுக்கீடு பாதியாக உயர்த்தப்பட்ட பிறகும், அலுவலக மேசையில் கேள்விகள் நம்முடன் வந்த ஆணை நோக்கியே கேட்கப்படுகின்றன. என் மனுவைப் பற்றி என் கணவரிடம் கேட்டபோது, வேட்பாளர் நான்தான், என்னிடம் கேளுங்கள் என்று சொன்னேன். அதைச் சொல்லிவிடுவது நல்லது. வென்ற பின் ஊராட்சிக் கூட்டத்தில் உங்கள் நாற்காலியில் இன்னொருவர் உட்காராமல் இருப்பது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

*பின்சேர்க்கை:* இதைப் படித்த ஒரு சகோதரி, மாமனார் பெயரில் உள்ள வீட்டுவரி பாக்கியால் தம் மனு தள்ளுபடியாகுமா என்று கேட்டிருந்தார். ஊராட்சிகள் சட்டத்தின் 37-ஆம் பிரிவு பேசுவது, பாக்கியைக் கட்டச் சொல்லும் கேட்பு அறிவிப்பு முறையாகக் கொடுக்கப்பட்ட பின்னும் வேட்பாளர் தாமே செலுத்தாமல் வைத்திருக்கும் பாக்கியைப் பற்றியே. இருந்தாலும், பரிசீலனை மேசையில் வாதாடுவதைவிட வீட்டுவரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் முன்பே கட்டி ரசீதைக் கையில் வைத்திருப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

வாக்கு கேட்பது

எங்கள் வார்டில் முந்நூற்றுச் சொச்சம் வாக்காளர்கள். இந்த அளவுக்குச் செயலியும் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குழுவில் பேசுபவர்கள் இருபது பேர்; குழாயடியில் நிற்பவர்களின் குரல் அதில் வருவதே இல்லை. நான் வைத்திருந்தது ஒரு நீள நோட்டு. இடப்பக்கத்தில் வார்டுப் பட்டியலை வெட்டி ஒட்டினேன், வலப்பக்கத்தில் அந்த வீட்டார் சொன்னதை எழுதினேன். பேனாவைவிடப் பென்சில் நல்லது. மழையில் நனைந்தாலும் எழுத்து அழியாது.

எழுதும்போது, ஊராட்சியால் முடிவதையும் முடியாததையும் பிரித்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர் வாய்க்கால், ஊராட்சிச் சாலை, சுடுகாடு, இடுகாடு ஆகியவை ஊராட்சியின் கடமைகள். பட்டா வருவாய்த் துறையையும், குடும்ப அட்டை உணவு வழங்கல் துறையையும் சேர்ந்தவை. அவற்றை ‘வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லாமல், மனு எழுத உதவுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதனால் சில வாக்குகள் போயிருக்கலாம். ஆனால் ஐந்தாண்டும் அதே தெருவில் நடக்க வேண்டியவள் நான்.

மனு திரும்பப் பெறும் நேரம் முடிந்த பிறகுதான் சின்னம் கிடைக்கும். வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே மிஞ்சும். அந்த நாட்களை வாக்குச் சீட்டைப் புரிய வைப்பதற்குச் செலவிடுங்கள். ஊரகப் பகுதியில் வாக்களிப்பது சீட்டு முறையில்தான்; ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள் தரப்படும். மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள், ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை; ஒரே சாவடியில் இரண்டு வார்டினர் வாக்களித்தால் ஒரு வார்டுக்கு நீலம். வயதான பெண்கள் பலர் ஒரு சீட்டில் முத்திரை குத்திவிட்டு மற்றவற்றை அப்படியே பெட்டியில் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். திண்ணையில் உட்கார்ந்து நான்கு வண்ணத் தாள்களை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முத்திரை, கோட்டின் மேல் படாமல், பிறகு மடிப்பு என்று செய்து காட்டினேன். யாருக்குக் குத்த வேண்டும் என்பதை அவர்களிடம் விட்டுவிட்டேன்.

*இரண்டாவது பின்சேர்க்கை:* ‘எங்கள் ஊரில் பதவியை ஏலம் விட்டு, போட்டியின்றித் தேர்ந்தெடுக்க முடிவு செய்திருக்கிறார்கள், கோயில் திருப்பணிக்குப் பணம் வருகிறதே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏலம் சட்டவிரோதம்; பணம் எந்த நல்ல காரியத்துக்குப் போனாலும் அப்படித்தான். ஏலத்தில் தோற்பவர் பணமில்லாதவர் மட்டும் அல்ல, வாக்களிக்கும் உரிமையுள்ள ஒவ்வொருவரும்தான். மதுரை மாவட்டத்தில் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 சூன் 30 அன்று தம் ஆதரவாளர்கள் சிலருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 2006 வரை தேர்தலையே முறையாக நடத்த முடியவில்லை. உயிரைக் கொடுத்து நிலைநாட்டப்பட்ட உரிமையை ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நிற்க விரும்பும் ஒருவர் மனுத் தாக்கல் செய்துவிட்டால் அங்கே போட்டி வந்துவிடும்; மிரட்டல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

முடிவு வந்த பிறகு

வென்றாலும் தோற்றாலும், முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். 2019-இல் வார்டு உறுப்பினருக்கான உச்சவரம்பு 9,000 ரூபாய். தோற்றவர்கள்தாம் இதை மறந்துவிடுகிறார்கள். கணக்குக் கொடுக்காதவர் மூன்றாண்டுகள் தேர்தலில் நிற்கத் தகுதியிழக்க நேரும். துண்டறிக்கை அச்சிட்ட ரசீதையும் ஆட்டோ வாடகையையும் அந்தந்த நாளிலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தால் இது அரைமணி நேர வேலை.

எங்களுக்கு 2020 சனவரி 2 வாக்கு எண்ணிக்கை, 6 பதவியேற்பு, 11 துணைத் தலைவர் தேர்தல். இந்தக் கடைசியைச் சிறிதாக எண்ணாதீர்கள்: துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்களாகிய நாம் நமக்குள்ளேயே தேர்ந்தெடுக்கிறோம், ஊராட்சிக் காசோலையில் தலைவருடன் சேர்ந்து அவரும் கையெழுத்திட வேண்டும். கேள்வி கேட்கத் தயங்காத ஒருவருக்கே உங்கள் வாக்கைக் கொடுங்கள்.

2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் எங்கள் பதவிக்காலம் 2025 சனவரி 5-உடன் முடிந்து, ஊராட்சி மீண்டும் தனி அலுவலரிடம் போனது. நான் இப்போது 2018-இல் உட்கார்ந்த அதே இடத்தில், கிராம சபையின் உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். கடந்த கூட்டத்துக்கு எங்கள் தெருவிலிருந்து பதினேழு பெண்கள் வந்தார்கள். மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்வது பற்றிய தீர்மானத்தை வாசித்து முடிக்கும் வரை அவர்களில் ஒருவரும் பதிவேட்டில் கையெழுத்திடவில்லை.