ஆற்றல் அழியாது என்று ஆறுதல் சொல்வதற்கு முன்

துக்கம் விசாரிக்கப் போகும் வீடுகளில் இப்போதெல்லாம் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று அறிவியலே சொல்கிறது. அப்பா எங்கேயும் போய்விடவில்லை." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். சேலத்தில் சொற்பொழிவு மேடைகளிலும் தியான வகுப்புகளிலும்கூட இதே வாதம் வருகிறது. ஆனால் ஆற்றல் காப்பு விதி எனப்படும் அந்த விதி சொல்லாத ஒன்றைச் சொன்னதாகக் காட்டினால், இயற்பியலுக்கும் நியாயம் செய்யவில்லை, அழுதுகொண்டிருப்பவருக்கும் நியாயம் செய்யவில்லை.

ஆற்றலைக் காற்றில் மிதக்கும் ஏதோ ஒரு பொருளாக நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. இயற்பியலில் ஆற்றல் என்பது கணக்கிட்டுச் சொல்லும் ஓர் அளவு. சேலம் நகருக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த உயரத்தை ஏறினால், அவருடைய நிலையாற்றல், அதாவது உயரத்தால் கிடைக்கும் ஆற்றல், ஏறக்குறைய 7 லட்சம் ஜூல் கூடுகிறது. ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. மின் கட்டணக் கணக்கில் அது 0.2 யூனிட். மூச்சிரைக்க மலை ஏறிய உழைப்பு அவ்வளவுதானா என்று தோன்றும். தசைகள் செலவழிப்பது இதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் இருக்கும். மிச்சமெல்லாம் உடல் சூடாகவும் வியர்வையாகவும் வெளியேறிவிடுகிறது. உண்ட சோறு, ஏறிய உயரம், வெளியேறிய வெப்பம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். வெளியோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஓர் அமைப்பில் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. விதி சொல்வது இவ்வளவே. சில இடங்களில் 'நல்ல ஆற்றல்' இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். அப்படி ஓர் இடத்தில் நிற்கும்போது மனம் லேசாவது உண்மையான அனுபவம். அதை ஜூலில் சொல்ல முடியாதவரை, இந்த விதியைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆன்மாவை இந்த விதியால் நிரூபிக்க முயல்வது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் ஒரு வெள்ளிக் கொலுசை உருக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியின் எடை குறையவில்லை. ஆனால் அந்தக் கொலுசு இல்லை. வெள்ளி பத்திரமாக இருக்கிறது என்பதால் கொலுசும் எங்கோ இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆற்றல் காப்பு விதி எடையைப் பார்க்கும் தராசு. வேலைப்பாட்டைப் பற்றி அது பேசுவதே இல்லை. உயிரோடு இருக்கும் மனித உடல், ஓய்வில்கூட, 100 வாட்டுக்குச் சற்றுக் குறைவாக வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. உயிர் பிரிந்ததும் புதிய வெப்பம் உண்டாவது நின்று, உடல் மெல்லச் சுற்றுப்புறத்தின் குளிர்ச்சிக்கு வந்துவிடுகிறது. திசுக்களில் மிஞ்சியிருக்கும் வேதி ஆற்றல் சிதை நெருப்பிலோ மண்ணின் நுண்ணுயிர்களிடமோ போய்ச் சேருகிறது. இந்தக் கணக்கில் துண்டு விழுவதில்லை. ஆன்மா என்று பெயரிட்டு நிரப்ப வேண்டிய இடமும் அதில் இல்லை.

அதனால் ஆன்மா இல்லை என்று நிரூபணமாகிவிட்டது எனச் சிலர் மறுபக்கம் தாவுகிறார்கள். அதுவும் அதே தவறுதான். ஜூலில் அளக்கப்படும் ஒன்று என்று ஆன்மாவைச் சைவ சித்தாந்தம் எங்கும் சொல்லவில்லை. தராசில் ஏறாத ஒன்றைப் பற்றித் தராசு சாட்சி சொல்லாது. என் கருத்தில், நம்பிக்கை உள்ளவர்கள்தான் இந்த வாதத்தை முதலில் கைவிட வேண்டும். ஆன்மாவை ஆற்றலோடு முடிச்சுப் போட்டவர், ஆற்றல் கடைசியில் வெறும் வெப்பமாகச் சிதறுவதையும் ஆன்மாவின் கதியாக ஒப்புக்கொண்டாக வேண்டும். அதை அவர் விரும்பமாட்டார்.

அந்தச் சிதறலைத்தான் நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். ஏற்காட்டிலிருந்து 10 டன் எடையுள்ள பஸ் ஒன்று இறங்குகிறது. மேலே இருந்தபோது அதற்கு நகரத்தைக் காட்டிலும் ஏறக்குறைய 11.8 கோடி ஜூல் நிலையாற்றல் அதிகம். ஏறக்குறைய 33 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஓட்டுநர் கியரைக் குறைத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை அளந்து அளந்து மிதித்து இறக்குகிறார். அடிவாரத்தில் நின்றதும் சக்கரங்களின் பக்கம் போனால் கருகல் வாடை வரும், அனல் முகத்தில் அடிக்கும். அந்த 11.8 கோடி ஜூலில் ஒன்றுகூட அழியவில்லை. பிரேக்கிலும் என்ஜினிலும் மலைக்காற்றிலும் வெப்பமாகப் பரவிக் கிடக்கிறது. ஆனால் அதைத் திரட்டி அந்தப் பஸ்ஸை மறுபடி மேலே ஏற்ற முடியாது. இதுதான் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. 1850இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் அதை வகுத்தார். ஆற்றல் எந்த அளவுக்குச் சிதறிவிட்டது என்பதைக் காட்டும் அளவுக்கு 1865இல் எண்ட்ரோபி என்று பெயரும் வைத்தார். ஆற்றல் அழியாது என்ற முதல் விதியை மட்டும் மேடையில் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது பாதி உண்மை.

"ஆற்றல் அழியாது என்றால் மின்சாரத்தை ஏன் சிக்கனப்படுத்த வேண்டும்?" என்று மாணவர்கள் கேட்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நிற்கும்போதுகூட, 1,000 லிட்டர் நீர் அந்த உயரம் முழுவதும் விழுந்தால் கிடைப்பது அதிகபட்சம் 0.1 யூனிட். ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறி அதை அறைக்காற்றின் வெப்பமாக மாற்றிவிடும். அந்த நீரை மீண்டும் மேலே கொண்டுவரச் சூரியனும் மழையும் வேண்டும்.

இந்த விதியை நம் முன்னோர் எப்போதோ கண்டுவிட்டார்கள் என்ற பேச்சிலும் நிதானம் தேவை. உள்ளதிலிருந்தே உள்ளது தோன்றும் என்று சாங்கியமும் சைவ சித்தாந்தமும் சொல்லும் சற்காரியவாதம் ஆழமான தத்துவம். காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள உறவை அது ஆராய்கிறது. மாறாத ஓர் அளவைப் பற்றி அது பேசவில்லை. ஆற்றல் காப்பு 1840களில் மேயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகிய அறிவியலாளர்களின் உழைப்பால் உருவானது. இவர்களில், ஆற்றலின் அலகுக்குத் தன் பெயரைத் தந்த ஜூல் என்பவரை எனக்கு மிகவும் பிடிக்கும். இயற்கையின் ஆற்றல்களைப் படைத்தவனே அழிவற்றவையாக விதித்திருக்கிறான் என்று அவர் மனமார நம்பினார், 1843இல் அதை எழுதியும் வைத்தார். ஆனால் அந்த நம்பிக்கையை அவர் சான்றாக நீட்டவில்லை. எடைகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, அவற்றின் இழுப்பில் சுழலும் துடுப்புகளால் பாத்திரத்து நீரைக் கலக்கி, மிக நுட்பமாக ஏறும் வெப்பநிலையைத் திரும்பத் திரும்ப அளந்தார். பக்தியும் அளவீடும் ஒரே மனிதரிடம் இருந்தன, ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யவில்லை.

இன்னொன்று: "அண்டத்தின் மொத்த ஆற்றல் என்றென்றும் மாறாது" என்று அடித்துச் சொல்வதும் சரியில்லை. 1918இல் கணிதவியலாளர் எம்மி நோதர் வெளியிட்ட தேற்றத்தின்படி, இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றாக இருப்பதிலிருந்தே ஆற்றல் காப்பு பிறக்கிறது. விரிந்துகொண்டே போகும் அண்டம் முழுமைக்கும் காலத்தால் மாறாத அந்தச் சீர்மை அப்படியே பொருந்துவதில்லை. தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ஒளி நம்மை வந்தடைவதற்குள் அதன் அலைநீளம் கூடுகிறது, ஆற்றல் குறைகிறது. ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலில், அந்த இழப்பை ஈடுகட்டும் வரவு என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு மொத்தக் கணக்கு அண்டம் முழுமைக்கும் கிடையாது.